கடைசிப் பிரிவில் தோற்கும் உரிமை

இட ஒதுக்கீடு பற்றிய ஒரு கூட்டத்தில் பேசிவிட்டுக் கீழே இறங்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். நல்ல மனிதர்தான். தொட்டுப் பேசுகிறவர். "தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா திறமைன்னு ஒண்ணு இருந்தா யாரால தடுக்க முடியும்? உங்கள்ல ஒரு பெரிய ஆட்டக்காரன் வரட்டும், ஒரு பெரிய விஞ்ஞானி வரட்டும். ஊரே தலையில தூக்கி வச்சுக்கும். அதுவரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கிறது நல்லாவா இருக்கு?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் கிடைத்த இடம் விசித்திரமானது. மெல்பர்ன் நகரத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், தன் வீட்டுக்கு எதிரேயுள்ள மைதானத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. அரை நூறு பேர் வேடிக்கை பார்க்கும் அமெச்சூர் ஆட்டம். அதைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனேன். படிக்கப் படிக்க, அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதில் துண்டு துண்டாகச் சேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1

ஆஸ்திரேலியக் கால்பந்து என்பது நாம் அறிந்த ஃபுட்பால் இல்லை. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். கையால் பிடிக்கலாம், முட்டியால் குத்திக் கொடுக்கலாம், காலால் உதைக்கலாம். மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்து அனுப்பினால் 6 புள்ளி. குறி கொஞ்சம் தப்பி, நடுக்கம்பத்துக்கும் ஓரக்கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. தப்பியவனுக்கும் ஒன்று உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருகிறேன்.

1859இல் மெல்பர்னில் இதன் விதிகள் எழுதப்பட்டன. எழுதியவர்களில் ஒருவரான டாம் வில்ஸ், விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் பழங்குடிப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். அந்த மக்களிடம் போஸம் தோலில் செய்த பந்தை உதைத்துத் துள்ளிப் பிடிக்கும் ஆட்டம் இருந்தது. மார்ன்க்ரூக் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஆட்டத்திலிருந்துதான் இந்த ஆட்டம் வந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை அவர்களோடு இருக்கட்டும். ஆட்டம் யாரிடமிருந்து வந்தது என்பதைவிட, ஆட யாரை விட்டார்கள் என்பதே என் கேள்வி.

மெல்பர்னில் விக்டோரியா அமெச்சூர் கால்பந்துச் சங்கம் என்று ஒன்று உண்டு. 1892இல் வேறு பெயரில் தொடங்கியது. ஏ பிரிவு, பி பிரிவு என்று ஒரு காலத்தில் அடுக்கியிருந்தார்கள். இப்போது பிரீமியர், பிரீமியர் பி, பிரீமியர் சி, அதற்கும் கீழே ஒன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று போகிறது. ஏப்ரலில் பருவம் தொடங்கும். குளிர், மழை, சேறு எல்லாவற்றையும் தாண்டி செப்டம்பரில் முடியும். வென்றால் 4 புள்ளி, சமன் என்றால் 2. புள்ளி சமமாக இருந்தால் போட்டதற்கும் வாங்கியதற்கும் விகிதம் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மேலே வந்தவர்கள் அடுத்த வருஷம் மேல் பிரிவுக்கு ஏறுவார்கள். கீழே கிடப்பவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவார்கள். புள்ளிப் பட்டியலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஏணி. எந்த அணி ஏணியில் எங்கே நிற்கிறது என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஏணி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சாதி என்பது பல மாடிக் கட்டிடம், அதற்குப் படிக்கட்டு இல்லை, எந்த மாடியில் பிறந்தாயோ அந்த மாடியிலேயே சாக வேண்டும் என்று அம்பேத்கர் பெயரால் மேடைதோறும் சொல்கிறோம். இங்கே அதே அடுக்கு, ஆனால் ஏணி வைத்த அடுக்கு. போன வருஷம் உச்சியில் இருந்தவன் இந்த வருஷம் கீழே வருகிறான். வந்தால் தீட்டு இல்லை. யாரும் அவனுக்குத் தனிக் குவளை வைப்பதில்லை. அடுத்த வருஷம் ஏறிக்கொள்ளலாம். இறக்கம் என்பது இழிவு ஆகாமல் இருக்கும் ஒரு அடுக்கு! மண்டல் குழுவின் பரிந்துரையை 1990 ஆகஸ்டில் வி.பி. சிங் அறிவித்தபோது டெல்லியில் மேல்சாதி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து ஷூ பாலீஷ் போட்டுக் காட்டினார்களே, தெருவைக் கூட்டிக் காட்டினார்களே, அது என்ன? கீழே இறங்குவது என்றால் அவர்களுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு அவர்களே சொல்லிவிட்டார்கள். இறங்கினால் நம்ம தொழில். நம்ம தொழில் என்றால் இழிவு. கால்பந்து ஏணியில் இறங்கியவன் அப்படி எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை.

ஆக, ஏணி இருந்தால் நியாயம் வந்துவிடுமா? இதுதான் கேள்வி. முதல் பார்வைக்கு வந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிறகுதான், ஏணியின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, அந்த இடத்துக்கு யாரை விடுகிறார்கள் என்று குனிந்து பார்த்தேன்.

2

முதலில் அந்த அமெச்சூர் என்ற சொல்லைப் பார்ப்போம். கூலி வாங்காமல், ஆட்டத்தின் மேலுள்ள காதலால் ஆடுகிறவன் என்று பொருள். அழகான பொருள்தான். ஆனால் சனிக்கிழமை மதியம் கூலி இல்லாமல் ஓட யாருக்கு முடியும்? செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சிக்கு வர யாருக்கு முடியும்? அந்தச் சங்கத்தின் கிளப்புகளில் பல, கட்டணப் பள்ளிகளில் படித்து முடித்தவர்கள் சேர்ந்து அமைத்தவை. பெயரிலேயே பள்ளி இருக்கும். 'ஓல்ட்' என்ற முன்னொட்டு இருக்கும். 1995 முதல் 2000 வரை தொடர்ந்து ஆறு வருஷம் ஏ பிரிவுக் கோப்பையை வாங்கிய அணியும் அப்படி ஒரு பள்ளியின் பழைய மாணவர் அணிதான்.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லின் பிறப்பு இன்னும் நாற்றமடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படகுப் போட்டிக்காரர்கள் அமெச்சூர் என்பதற்கு விதி எழுதினார்கள். பந்தயத்துக்குப் பணம் வாங்கியவன் அமெச்சூர் இல்லை என்று எழுதியிருந்தால் புரிந்துகொள்ளலாம். அதோடு நிற்கவில்லை. மெக்கானிக்கோ, கைத்தொழில்காரனோ, உடலுழைப்புக் கூலியோ அமெச்சூர் ஆக முடியாது என்றும் எழுதினார்கள். பைசா வாங்காமல் துடுப்புப் போட்டாலும் ஆக முடியாது. கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் என்பதே தகுதிக் குறைவு! இதை நமக்கு யாராவது விளக்க வேண்டுமா? மனு தர்மம் படித்தவன்தான் அதை எழுத வேண்டும் என்பதில்லை. தேம்ஸ் நதிக்கரையிலும் எழுதலாம்.

1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப் அமெரிக்கப் பழங்குடிக்காரர். அதற்கு முன் பேஸ்பால் ஆடிச் சில்லறைக் கூலி வாங்கியிருந்தார், ஆகவே அமெச்சூர் இல்லை என்று 1913இல் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். திருப்பிக் கொடுக்க 1983 ஆயிற்று. அப்போது அவர் செத்து 30 வருஷம்.

நம்ம பக்கமும் இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. 1891இல், அந்த மெல்பர்ன் சங்கம் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூலி வாங்காமல் மேடையேறினார்கள். நாடகத்துக்கு மரியாதை வந்தது என்று நாடக வரலாற்றில் எழுதுகிறோம். எம்.ஏ. தேர்வில் நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். ஊர் ஊராகப் போய் ஆடிக் கூலி வாங்கியவனுக்கு என்ன பெயர்? கூத்தாடி. அது வசவு. 'கூலிக்கு மாரடிக்கிறவள்' என்ற வசவு யாரைக் குறித்து வந்தது? ஊரான் வீட்டுச் சாவுக்குப் போய் ஒப்பாரி வைத்த நம்ம பாட்டிமார்களைக் குறித்து. சரி, கூலி வாங்குவதுதான் இழிவு என்றால், கூலியே இல்லாமல் சாவுக்கும் திருவிழாவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பறையடித்தோமே, அதற்கு ஏன் அமெச்சூர் என்று பெயர் வைக்கவில்லை? கூலி வாங்காமல் அவன் ஆடினால் கலை. கூலி வாங்காமல் நாம் அடித்தால் வெட்டி. செயல் ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கு இருந்தது, இன்னொருவனுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் இதோடு அந்தச் சொல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட எனக்கு மனசில்லை. கூலியும் கட்டாயமும் இல்லாமல், தோழர்களோடு சேற்றில் புரண்டு விளையாடிவிட்டு வீடு திரும்புவது ஒரு மனிதத் தேவை. அந்தச் சுகம் அவர்களுக்குக் கிடைத்தது என்பதில் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு மட்டும் கிடைத்தது என்பதுதான் விஷயம்.

3

இப்போது ஏணியின் அடியைப் பார்ப்போம்.

நியூ சவுத் வேல்ஸுக்கும் விக்டோரியாவுக்கும் இடையே மர்ரே ஆறு ஓடுகிறது. யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு அது துங்காலா. அதன் கரையில் கும்மராகுஞ்சா என்ற குடியிருப்பு. அரசாங்க அதிகாரியின் கட்டுப்பாட்டில் பழங்குடிகளை வைத்திருந்த இடம். ரேஷன், உத்தரவு, கண்காணிப்பு எல்லாம் உண்டு. அங்கிருந்த இளைஞர்கள் கால்பந்து அணி வைத்திருந்தார்கள். பக்கத்து வெள்ளைக்கார ஊர்களின் லீக்கில் ஆடினார்கள். 1920களின் பிற்பகுதியிலிருந்து 1930களின் தொடக்கம் வரை ஆறு வருஷத்தில் ஐந்து முறை கோப்பை அவர்களுக்கு. லீக் என்ன செய்தது? கும்மராகுஞ்சா அணிக்கு 25 வயது வரம்பு போட்டது. அதற்கு மேல் வயதானவர்கள் அந்த அணியில் ஆடக் கூடாது. அணி உடைந்தது.

யோசித்துப் பாருங்கள். கறுப்பன் ஆடக் கூடாது என்று விதி எழுதவில்லை. வயது என்று எழுதினார்கள். கேட்டால், விளையாட்டு விதி என்பார்கள். 'எங்கள் ஊரில் சாதியெல்லாம் பார்ப்பதில்லை, கோயில் வழக்கம் அப்படி' என்று நம்மிடம் சொல்வதில்லையா? ஏணியில் ஏறுகிறவனைத் தடுக்க அவனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அவனுக்கு மட்டும் படிகளின் இடைவெளியைக் கூட்டினால் போதும்.

திறமை இருந்தால் யார் தடுக்க முடியும் என்று கேட்டாரே பெரியவர். திறமை இருந்ததால்தான் தடுத்தார்கள். தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ.

அந்தக் குடியிருப்பில் 1906இல் பிறந்தவர் டக் நிக்கோல்ஸ். ஐந்தடி இரண்டங்குலம் உயரம். ஓட்டத்தில் சூரர். 1927இல் மெல்பர்னின் கார்ல்டன் கிளப்புக்குப் பயிற்சிக்குப் போனார். ஆட்டக்காரர்களுக்குக் கைகால் தேய்த்துவிட ஆள் இருப்பார்கள். அவர்கள் நிக்கோல்ஸைத் தொட்டுத் தேய்க்க மறுத்தார்கள். சக ஆட்டக்காரர்கள் நாற்றம் என்றார்கள். ஊர் திரும்பிப் போகவில்லை அவர். வேறு சங்கத்தில் இருந்த நார்த்கோட் கிளப்புக்குப் போனார். 1932இல் ஃபிட்ஸ்ராய் அணியில் சேர்ந்து மேல் லீக்குக்கே வந்தார். 1935இல் விக்டோரியா மாநில அணிக்கு ஆடினார். பிறகு பாதிரியார், போராளி. 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர்.

தொட மறுத்தார்கள். இந்த ஒரு வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இதைத் தமிழில் மொழிபெயர்க்கவே வேண்டாம். சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது.

1939 பிப்ரவரி 4ஆம் தேதி கும்மராகுஞ்சா மக்கள் சுமார் 200 பேர் அதிகாரியின் கொடுமை தாங்காமல் குடியிருப்பை விட்டு வெளியேறி ஆற்றைக் கடந்தார்கள். அவர்களில் பலர் ஷெப்பர்ட்டன், மூரூப்னா ஊர்களுக்கு இடையே, வெள்ளம் வந்தால் முழுகும் ஆற்றுப் படுகையில் தகரமும் சாக்கும் வைத்துக் குடிசை போட்டார்கள். 1954இல் இங்கிலாந்து ராணி அந்தப் பக்கம் வந்தபோது குடிசைகள் கண்ணில் படாதிருக்க வழிநெடுகச் சாக்குப் படுதா கட்டினார்கள். மந்திரி வருகிறார் என்றால் நம்ம சேரிக்குத் தட்டி கட்டுவதில்லையா, அது மாதிரி. 1958இல் அரசாங்கம் பக்கத்தில் சில சிமெண்டு வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. அந்த இடத்துக்கு ரம்பலாரா என்று பெயர். வானவில்லின் முடிவு என்று பொருள் சொல்கிறார்கள்.

அந்தப் பெயரில் அவர்கள் ஒரு கிளப் வைத்தார்கள். ஆண்களுக்குக் கால்பந்து, பெண்களுக்கு நெட்பால். லீக்கில் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள். மறுத்தார்கள். திரும்பவும் கேட்டார்கள். கடைசியில் 1997இல்தான் அந்த வட்டாரத்து லீக் ஒன்று சேர்த்துக்கொண்டது. மெல்பர்ன் நகரத்துப் பழங்குடிகளின் அணியான ஃபிட்ஸ்ராய் ஸ்டார்ஸ் 1973இல் தொடங்கியது. நகரின் வடபகுதி லீக்கின் கீழ்ப் பிரிவில் அதற்கு இடம் கிடைத்தது 2008இல்.

கவனியுங்கள், இவர்கள் கேட்டது கோப்பை இல்லை. ஏணியின் கடைசிப் படியில் ஒரு கால் வைக்க இடம் கேட்டார்கள். 18 பேர் கொண்ட ஒரு அணி, சனிக்கிழமை ஒரு ஆட்டம். தோற்கத் தயாராக வந்தவர்கள். அதற்கு இத்தனை வருஷம்.

4

பெரியவரின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். 'பெரிய ஆட்டக்காரன் வரட்டும், தலையில தூக்கி வச்சுக்குவோம்.'

வந்தார்கள். 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் தேசிய லீக் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பழங்குடியினர். மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். தலையில் தூக்கி வைத்தார்களா?

1993 ஏப்ரல் 17. விக்டோரியா பார்க் மைதானம். ஆட்டம் முழுக்க வசவு வாங்கிய நிக்கி வின்மார், வென்று முடித்தபின் கூட்டத்தைப் பார்த்துச் சட்டையைத் தூக்கித் தன் கறுப்புத் தோலைச் சுட்டிக் காட்டினார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. அடுத்த சில நாட்களில் எதிரணிக் கிளப்பின் தலைவர், அவர்கள் வெள்ளைக்காரர்களைப் போல நடந்துகொண்டால் எல்லாரும் மதிப்பார்கள் என்ற பொருளில் பேசினார். மைதானத்தில் இனவசவுக்குத் தண்டனை என்று விதி வந்தது 1995இல்தான்.

ஆடம் கூட்ஸ் 372 ஆட்டம் ஆடியவர். வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கத்தை 2003இலும் 2006இலும் வாங்கியவர். இதற்கு மேல் என்ன திறமை வேண்டும்? 2013இல் கூட்டத்திலிருந்து ஒரு 13 வயதுச் சிறுமி குரங்கு என்று கத்தியதைச் சுட்டிக் காட்டினார். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள், அது வளர்ந்த சூழல் அப்படி என்றும் சொன்னார். 2014இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இனவெறி பற்றிப் பேசினார். 2015 பருவத்தில் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் மைதானம் மைதானமாக ஊளையிட்டார்கள். அந்த வருஷத்தோடு ஆட்டத்தை விட்டார். லீக் மன்னிப்புக் கேட்டது 2019இல்.

நம்ம நாட்டில் பல்வங்கர் பாலு. பூனாக்காரர், சமார் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியில் 114 விக்கெட் எடுத்தவர். பூனாவில் அவர் பந்து போட்டால் விக்கெட் விழும், எல்லாருக்கும் சந்தோஷம். டீ இடைவேளை வந்தால் அவருக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில் டீ. அவருடைய கை தொட்ட பந்தைத் தொடலாம். அவருடைய வாய் தொட்ட குவளையைத் தொடக் கூடாது! அவரைக் கேப்டனாக்கவில்லை. 1923இல் தம்பி விட்டல் கேப்டனானார். 1937 தேர்தலில் அதே பாலுவைக் காங்கிரஸ் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. பாலு தோற்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நம்மில் ஒரு நட்சத்திரம் எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கு இது பாடம்.

ஆக, பெரியவர் கேட்ட பரீட்சையை நம்ம ஆட்கள் எழுதித் தேறிவிட்டார்கள். முடிவைத்தான் மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

இங்கேதான் எனக்கு அந்தக் கீழ்ப் பிரிவு ஆட்டங்கள் கண் திறந்தன. அந்த மெல்பர்ன் சங்கத்தில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு முதல் அணி, இரண்டாம் அணி, சிலவற்றுக்கு மூன்றாம் அணியும் உண்டு. கடைசிப் பிரிவில் கடைசியாக நிற்கும் கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடுகிறவனை நினைத்துப் பாருங்கள். தொப்பை விழுந்தவன். வந்த பந்தைக் கோட்டை விடுகிறவன். அவனுக்கும் ஒரு சட்டை உண்டு, முதுகில் ஒரு எண் உண்டு, சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்ட மைதானம் உண்டு, விசில் ஊத நடுவர் உண்டு. அவனிடம் யாரும், 'நீ உன் இனத்திலேயே பெரிய ஆட்டக்காரனாக இரு, அப்புறம் உள்ளே வா' என்று சொன்னதில்லை. அவன் தோற்றால் அவன் தோற்றான். அவன் சாதி தோற்றதாக எவனும் எழுதுவதில்லை.

ஆதிக்கம் என்பதை நாம் உச்சியிலேயே தேடுகிறோம். மந்திரி எத்தனை பேர், நீதிபதி எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். எண்ண வேண்டியதுதான். ஆனால் ஆதிக்கத்தின் உண்மையான சுகம் நடுவிலும் கீழேயும் இருக்கிறது. மேல்சாதியின் தகுதியின்மைக்கு இடம் உண்டு என்பதுதான் அந்தச் சுகம். சுமாரான வக்கீல், சுமாரான வாத்தியார், சுமாரான கவிஞர் என்று அவர்களில் எத்தனை பேர் நிம்மதியாக வாழ்ந்து, பென்ஷன் வாங்கிச் செத்துப்போகிறார்கள்! நம்மில் சுமாரானவனுக்கு என்ன இடம்?

நான் எம்.ஏ. படித்த வகுப்பில் நான் முதல் மார்க் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் 'கோட்டாவில் வந்தவன்'. வாங்கினேன். அப்போதும் ஒரு ஆசிரியர், "பரவாயில்லையே, உங்க ஆளுங்கள்லயும் இப்படி இருக்காங்களே" என்றார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மூன்று பேப்பரில் தோற்றான். திரும்ப எழுதினான். திரும்பத் தோற்றான். அவனிடம் யாரும் அவன் சாதியைப் பற்றிப் பேசவில்லை. அவன்மேல் எனக்கு வந்தது பொறாமை. முதல் மார்க் வாங்கியவனுக்குத் தோற்றவன்மேல் பொறாமை! அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அவனுக்குத் தோற்கும் உரிமை இருந்தது.

5

இதற்கு நம் பக்கமிருந்தே ஒரு மறுப்பு வரும். எங்கள் ஊர்ப் பெரியப்பா சொல்வார்: "நாம ரெண்டு மடங்கு ஓடணும்டா. அவன் நடந்தா போதும். நாம ஓடுனாத்தான் அவன் பக்கத்துல நிக்க முடியும்." அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு மடங்கு ஓடித்தான் நான் இந்த இதழில் எழுதும் இடத்துக்கு வந்தேன். ஆனால் பிழைக்கும் வழி வேறு, நியாயம் வேறு. இரண்டு மடங்கு ஓடுவது நம் பிழைப்பு. அதையே நியாயம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், ஓட முடியாத பிள்ளையை நாமே கைவிடுகிறோம். பத்தாம் வகுப்பில் முதலிடம் வந்த பிள்ளைக்குச் சால்வை போடுகிறோம், இயக்க மேடையில் ஏற்றுகிறோம். தோற்ற பிள்ளை எங்கே போனது என்று எந்தத் தெருவில் விசாரித்தோம்? தகுதி என்ற கத்தியை எதிரியின் கையிலிருந்து பிடுங்கி, நம் வீட்டுக்குள்ளேயே வீசுகிறோம்.

நம் வீட்டுக்குள்ளும் ஏணி உண்டு, அதில் பெண்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ரம்பலாரா கிளப்பின் பெயரிலேயே கால்பந்தோடு நெட்பாலும் இருக்கிறது. ஒரே கிளப், ஒரே சனிக்கிழமை, அம்மாவும் மகனும் ஒரே சட்டை நிறம். பெண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் 2017இல்தான் வந்தது என்றாலும், கிளப் என்றால் பெண்களும் சேர்த்துத்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் மன்றங்களின் பெயர்ப் பலகைகளில் எத்தனை பெண் பெயர் இருக்கிறது?

இன்னொரு மறுப்பு வெளியிலிருந்து வரும். தனியாக ஒரு பழங்குடிக் கிளப் எதற்கு? கலந்து ஆடினால் என்ன? இது நமக்குப் பழகிய கேள்விதான். 'தலித் இலக்கியம்னு தனியா எதுக்கு, இலக்கியம்னா இலக்கியம்தானே?' என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே நம்மில் பலருக்கு முடி நரைத்துவிட்டது. பழைய மாணவர்கள் தங்கள் பள்ளியின் பெயரில் நூறு வருஷமாகத் தனி அணி வைத்திருக்கிறார்கள். அதைப் பிரிவினை என்று எவரும் சொன்னதில்லை. பாரம்பரியம் என்பார்கள். ஒடுக்கப்பட்டவன் கூடினால்தான் பிரிவினை. நிக்கோல்ஸ் தனியாகப் போனார், தொட மறுத்தார்கள். கூட 17 பேர் தன் ஆட்களாக இருக்கும் அறையில் அவனை யார் தொட மறுப்பார்கள்? தன் ஆட்கள் நடுவே உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டு, பிறகு வெளியே போய் மற்றவர்களோடு மோதுவது. ஆட்டம் முடிந்ததும் கை கொடுப்பது. அது பிரிவதாகாது, சேர்வதற்கு முன் நிமிர்ந்து நிற்பது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பிரிவில் இடம் கிடைத்தவுடன் எல்லாம் தீர்ந்துவிடாது. கூட்ஸுக்கு நடந்தது உச்சியில் நடந்தது, கேமரா இருந்தது. கீழ்ப் பிரிவு மைதானங்களின் ஓரத்தில் நின்று கத்துகிறவனுக்குக் கேமரா இல்லை. தோற்கும் உரிமை என்று நான் சொல்வதில் தோற்றபின் மனிதனாக வீடு திரும்பும் உரிமையும் சேர்த்தி. அதே குழாயில் குளித்து, அதே குவளையில் குடித்து, அடுத்த சனிக்கிழமை திரும்பி வரும் உரிமை. அது இல்லாமல் வெறும் இடம் மட்டும் கொடுத்தால், அது பாலுவுக்குக் கொடுத்த மண் குவளைதான்.

6

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால் இதைச் சொல்வேன்:

ஐயா, உங்கள் வீட்டில் சுமாரான பிள்ளை ஒன்று இருக்கும். எல்லார் வீட்டிலும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை, ஒரு நாற்காலி, ஒரு மரியாதை, விழுந்தால் எழுந்துகொள்ள இன்னொரு வருஷம், இதெல்லாம் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது. எங்கிருந்து என்று நீங்கள் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. எங்கள் வீட்டுச் சுமாரான பிள்ளைக்கும் அது கிடைக்கும் நாளில் சமத்துவம் வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்கிறேன். எங்களில் ஒரு மேதை வருவதை அதற்கு அளவாக வைக்காதீர்கள். மேதைகள் எப்படியும் வருவார்கள், கல்லைப் பிளந்துகொண்டு வருவார்கள். வந்து, நீங்கள் செய்வதையெல்லாம் பார்ப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் குறி தப்பினாலும் ஒரு புள்ளி உண்டு என்றேன். அந்த ஒற்றைப் புள்ளியால் வென்ற ஆட்டங்களும் உண்டு, தோற்ற ஆட்டங்களும் உண்டு. குறி பார்த்து உதைத்தவனையும் கணக்கில் சேர்க்கிறது அந்த ஆட்டம். ஆனால் கம்பங்களுக்கு முன்னால் போய் நின்று உதைக்க முதலில் மைதானத்துக்குள் விட வேண்டும். நாம் கேட்பது அதைத்தான். உள்ளே விடுங்கள். ஆறு விழுமா, ஒன்று விழுமா, ஒன்றுமே விழாதா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.